முதல் ஒலிப்பதிவு

திருப்பதியில் ஒரு வலையொலிக் கூடத்தில் தமிழில் 10 நிமிடம் பேச அழைப்பு வந்தது. தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகப் பனம்பாரனார் தொல்காப்பியப் பாயிரத்தில் சுட்டும் வேங்கடத்தைப் பற்றியே பேச முடிவு செய்தேன். அம்மலையின் அடிவாரத்தில் அமர்ந்து பேசும் வாய்ப்பை விடுவானேன்?

சித்தூரில் என் அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, உரையைக் கைப்பேசியில் பதிந்து கேட்டேன். குரல் எனக்கே அயலாக ஒலித்தது. நாம் பேசும்போது நம் குரலைக் காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் கேட்கிறோம். கருவிக்கு அவ்வழி இல்லை. அது குறையன்று. ஆனால், இரண்டு இடங்களில் ழகரம் ளகரமாகியிருந்தது. 'வாழ்வு' 'வாள்வு' ஆயிற்று. இதே ஒலிக்காக எத்தனை பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்!

நாக்கின் நுனி மேலே வளைந்து மேல்வாயைத் தடவ ழகரம் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியல் கூறும் இலக்கணம். மறுநாள் அதை நடத்திய பின், பதிவைப் பிள்ளைகளுக்கே ஒலிக்கச் செய்தேன். வீட்டில் தெலுங்கு பேசும் மாணவி ஒருத்தி தயங்கி எழுந்தாள்.

"மூன்று இடங்கள், ஐயா."

மூன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். தாள் சலசலக்காதபடி பக்கங்களைத் தனித்தனியாக்கினேன். பகரம் ஒலிவாங்கியில் வெடித்தொலிக்குமாதலால், முகத்தைச் சற்றே திருப்பிப் பேசப் பழகினேன்.

திருப்பதிப் பேருந்திலும் வாய் அச்சொற்களையே முணுமுணுத்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், நான் ஏதோ மந்திரம் ஓதுவதாக எண்ணிக் கைகூப்பினார்.