மலை தாண்டி வந்த தண்ணீர்... கடல் தாண்டி வந்த பாட்டு!

தேனியில் குமுளி பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால் போதும், அதுவே ஒரு சுற்றுலாதான். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் வர வர, வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் மாறி மாறி கண்ணுக்குக் குளிர்ச்சி. இரண்டு பக்கமும் கூடவே வரும் மலைகள்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு, ஓர் இன்ஜினீயரைக் குலசாமி போலக் கொண்டாடும் மண். மேற்கே ஓடிய பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895-ல் கிழக்கே திருப்பிவிட்டவர் ஜான் பென்னிகுயிக். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் பொங்குகிறது.

தண்ணீர் மலை தாண்டி வந்தது. பாட்டு? அது கடல் தாண்டி வந்தது.

1952-ல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார் பி.வி.கேஸ்கர். அவருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய காணாமலே போயின. தமிழ்நாட்டு டீக்கடைகளும் வீடுகளும் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்கு மாறின. 1957-ல் விவித் பாரதி பிறந்ததே இந்தப் போட்டியைச் சமாளிக்கத்தான்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு கதை உண்டு. பி.பி.சி. போதுமான அளவு பாப் பாட்டு போடவில்லை என்று, 1964-ல் கடலில் கப்பலை நிறுத்தி 'ரேடியோ கரோலின்' பாட ஆரம்பித்தது. அதைக் 'கடற்கொள்ளை வானொலி' என்றார்கள். இலங்கை வானொலி அப்படியல்ல. முறையான அரசு நிலையம். ஆனால், உள்ளூரில் கிடைக்காத பாட்டைக் கடலுக்கு அப்பாலிருந்து கொடுத்தது என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான்.

சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்குக்குள் அந்தக் குரல் எப்படி வந்தது? எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகும். மலை குறுக்கிட்டால் தடுமாறும். சிற்றலையோ வானத்தில் ஏறி, அங்கிருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தரைக்கு இறங்கும். அதற்கு மலை ஒரு பொருட்டே இல்லை.

மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் மூத்தவர்களுக்கு மனப்பாடம். எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள். அவர் 1921-ல் கொழும்பு தந்தி அலுவலகத்துக்குத் தலைமைப் பொறியாளராக வந்தவர். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ கருவிகளைக் கொண்டு, அவருடைய துறைப் பொறியாளர்கள் சின்ன ஒலிபரப்பி ஒன்றைச் செய்தார்கள். 1923-ல் தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து கிராமபோன் இசை காற்றில் ஏறியது. 1925 டிசம்பர் 16-ல் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. பி.பி.சி. பிறந்து மூன்றே வருடங்கள்தான் ஆகியிருந்தன! போர்க்கருவி பாட்டுக்கருவியான கதை இது. அங்கே முளைத்ததுதான், பின்னாளில் நம் ஊர் வரைக்கும் நிழல் தந்த மரம்.

உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வழியாகப் போனால் பண்ணைப்புரம். இளையராஜாவின் ஊர். மகன்கள் சென்னைக்குக் கிளம்பியபோது, அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தை அப்படியே கொடுத்து அனுப்பியதை ராஜாவே சொல்லியிருக்கிறார். இந்த மண்ணில் ஒரு ரேடியோ பெட்டிக்கு இருந்த மதிப்பு அது.

குரல் கொடுத்தவர்களை ஊர் மறக்கவில்லை. அந்தக் குரலுக்கு வழி போட்டவர்களுக்கு மண்டபமும் இல்லை, பொங்கலும் இல்லை. அடுத்த முறை லோயர் கேம்ப் போனால், பென்னிகுயிக்கை வணங்கும்போது ஹார்ப்பரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ்ஸில் எப்படியும் ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.