ஐயாவின் முப்பது குதிரைகள்

சென்ற மாதம் பௌதிக வகுப்பிலே வலுவைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலை செய்வதே ஒரு குதிரைவலு என ஜேம்ஸ் வாற் வகுத்ததைக் கூறி, மொறிஸ் மைனரை உதாரணமாக எடுத்தேன். "சேர், முப்பது குதிரைவலுவில் ஒரு கார் ஓடுமா?" என்றான் ஒரு மாணவன். வகுப்பு முழுவதும் சிரித்தது. 660 கன சென்ரிமீற்றர் ஜப்பானியச் சிறு கார்களே ஐம்பதைத் தாண்டும் காலத்தில் பிள்ளைகள் சிரித்ததில் பிழையில்லை.

ஆயினும் அவ்வண்டியின் கணக்குச் சுவையானது. 1948 இல் வெளிவந்தபோது அதன் எஞ்சின் 918 கன சென்ரிமீற்றர், வலு 27½. 1952 இல் எஞ்சின் 803 ஆகச் சுருங்கிற்று. வலுவோ 30 ஆக உயர்ந்தது! முன்பு சிலிண்டரின் பக்கத்தில் இருந்த வால்வுகள் இப்போது தலைக்கு மேலே ஏறின. எஞ்சினுக்குச் சுவாசம் எளிதாயிற்று. 1956 இல் 37, 1962 இல் 48 என்று பின்னரும் வளர்ந்தது.

ஐயாவிடம் இருந்தது முப்பது குதிரை வண்டி. அந்த முப்பதும் நிமிடத்துக்கு 4,800 சுழற்சியில் அளந்த உச்சம். அவ்வளவுக்கு அவர் மிதித்ததை நான் கண்டதில்லை. நீர்வேலியில் அதனை வாடகைக்கு ஓட்டியே எங்களைப் படிப்பித்தார். 1990 இன் பின் குடாநாட்டில் பெற்றோல் அரிதாயிற்று. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் தானாகவே வெடித்துத் தட்டும். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் இருமி இருமியேனும் அதனைச் செரித்துக்கொள்ளும். வலுக் குறைவுக்கு ஒரு காரணமாயிருந்த குணமே எங்களுக்கு அன்று கைகொடுத்தது.

1992 மார்கழியில் ஓரிரவு சித்திக்கு நோக் கண்டது. யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்கு ஆறு மைல். "அண்ணை, இது போய்ச் சேருமோ?" என்றார் சித்தப்பா. "நீ ஏறு" என்றார் ஐயா. பன்னிரண்டு வயதினனாகிய என் கையில் பெற்றோல் போத்தல்.

கோப்பாயில் எஞ்சின் நின்றது. ஐயா போத்தலைக் கேட்டார். முதல்நாள் அதனைத் துடைத்து வைத்தவன் நான். தக்கையை இறுக்க மறந்திருந்தேன். அடியில் ஒரு மூடியளவே எஞ்சியிருந்தது. ஐயா அதனை வெளிச்சத்திற்குப் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பாதியை விட்டுக் கைப்பிடியால் சுழற்றினார், எஞ்சின் அசையவில்லை. பின்னால் சித்தியின் முனகல். மறுபாதியையும் விட்டார். எஞ்சின் ஒருமுறை செருமிற்று. பின்பு வெண்புகை கக்கிப் பற்றிக்கொண்டது.

வைகறையில் தங்கை பிறந்தாள்.

வீடு திரும்பியபின் ஐயா வேப்பங்குச்சியொன்றைச் சீவிப் புதிய தக்கை செய்தார். போத்தலில் பொருத்திப் பார்த்து, மீண்டும் என் கையிலேயே தந்தார்.