கணக்கு நோட்டின் பின்பக்கம்

மகனின் கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். கிளினிக்கில் கைக்கு அகப்பட்டது அதுதான். ஆயர் தாவாரில் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் அங்கேயே வேலை பார்த்தவள். டைரிப் பழக்கமெல்லாம் கிடையாது.

பிப்ரவரி 6

காய்ச்சல் பத்து நாளாக விட்டு விட்டு அடிக்கிறது. காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்றியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பான் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா கண்ணேறு கழித்தார். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் அன்றே செரி மஞ்சோங் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

பிப்ரவரி 9

‘ஈப்போ.’ அந்தப் பக்கத்தில் இந்த ஒரு சொல்தான்.

பிப்ரவரி 12, முதல் நாள்

ஈப்போ மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜைச் சோதனையின் முடிவு வந்தது. ரத்தப் புற்றுநோய், அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியா. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காண்பது இதுதான் என்றார் டாக்டர். ஆறுதலாகச் சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. நோயின் பெயரை மூன்று விதமாக எழுதிப் பார்த்து, மூன்றையும் அடித்திருக்கிறாள்.

“பொழைச்சுக்குவானா டாக்டர்?”

“எட்டாம் நாள் பார்ப்போம்மா. அப்புறம் முப்பத்து மூணாம் நாள்.”

நாள் குறித்ததற்குக் காரணம் உண்டு. முதல் வாரம் பெரும்பாலும் ஸ்டீராய்டு மட்டும். எட்டாம் நாள், ரத்தத்தில் எஞ்சிய புற்றணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000க்குக் கீழே இருந்தால் நல்ல அறிகுறி. 33ஆம் நாள் மீண்டும் மஜ்ஜை எடுத்து, பத்தாயிரம் அணுக்களில் ஒன்று கெட்டிருந்தாலும் தேடிப் பிடிப்பார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வு பிள்ளைகளை இப்படித்தான் தரம் பிரித்தது. மிச்சம் இல்லாத பிள்ளைக்கு மருந்தைக் குறைப்பது, இருக்கும் பிள்ளைக்குக் கூட்டுவது. ஆறாண்டு முடிவில் 100க்கு ஏறத்தாழ 88 பேர் உயிரோடு இருந்தார்கள்.

அவள் 88 என்று பெரிதாக எழுதி, அடியில் 12 என்று பொடியாக எழுதியிருக்கிறாள்.

5ஆம் நாள்

ஸ்டீராய்டுப் பசி. நடுராத்திரி இரண்டு மணிக்கு ரொட்டி சானாய் கேட்டு ரகளை. அப்பா மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வந்தார். நான்கு தின்றான். ஐந்தாவதைப் பாதியில் வைத்துவிட்டு அழுதான்.

8ஆம் நாள்

ஆயிரத்துக்குக் கீழே! டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். மனசு வேறிடத்தில் கிடந்தது.

இவன் வயிற்றில் ஐந்து மாதமாகும் வரை தோட்டத்தில் மருந்தடித்தவள் அவள். களைக்கொல்லிக்குத் தோட்டத்தில் ‘மருந்து’ என்றுதான் பெயர். முதுகில் மாட்டிய பம்பு ஒழுகும்; வீடு திரும்பும்போது ரவிக்கை நனைந்திருக்கும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2002இல் தடை செய்தது, 2006இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் மீண்டும் தடுத்தது. அந்த இடைப்பட்ட காலத்துப் பிள்ளை இவன்.

வராந்தாவில் டாக்டரை மறித்துக் கேட்டே விட்டாள்: “நான் மருந்தடிச்சதாலயா?”

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று சொல்லவே முடியாது என்றார் அவர். ‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியதாம்.

ஈப்போவின் விளிம்பில், மெங்லெம்பு பக்கம் இருக்கும் புக்கிட் மேரா மக்களும் இதே கேள்வியோடு அலைந்தவர்கள்தான். ஊரையொட்டி ஏஷியன் ரேர் எர்த் ஆலை. அதன் கழிவில் கதிரியக்கத் தோரியம். 1985இல் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு லுகீமியா வந்தபோதும் சந்தேகம் ஆலை மேல் விழுந்தது. 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டே உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஆலை பின்னர் தானாகவே மூடிக்கொண்டது. நிபுணர்கள் வரிசையாக ஏறி இறங்கிய சாட்சிக் கூண்டிலேயே தீராத கேள்விக்கு, வராந்தாவில் என்ன பதில் கிடைத்துவிடும்?

11ஆம் நாள்

இப்போது ஏற்றும் வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பது என்றாள் மருந்தகத்துத் தமிழ்ப் பெண். இவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் வேலியோரம் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் செடி அது. ஆனால் அந்தப் பெண் சொன்னது உண்மை. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் அதன் இலையை நீரிழிவுக்காக ஆராயப்போய், அது வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார். முதுகுத்தண்டில் போடும் மெத்தோட்ரெக்சேட்டுக்கும் நம் பக்கத்து உறவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவின் அமெரிக்க ஆய்வுக்குழு உருவாக்கியது அது.

நோட்டில் இதெல்லாம் இல்லை. ‘மருந்து 2 மணிக்கு ஏற்றினார்கள். கால் வலி என்றான்’ என்று மட்டும்.

20ஆம் நாள்

தலையணை முழுக்க முடி. “மா, மொட்டை போட்ட மாதிரி இருக்கு” என்று சிரிக்கிறான்.

விலாசத்தைப் பார்த்த மலாய் மிஸ்ஸி, ஆயர் தாவார் என்றால் நல்ல தண்ணீர்தானே என்றார். ‘தாவார்’ என்றால் பேரம் பேசுவதும்தான் என்று இவளுக்கு ராத்திரி நினைப்பு வந்தது. பங்கோர் பத்திரகாளியம்மனிடம் முதலில் ஒரு பால்குடம் என்றாள். பிறகு, மூன்று மாசி மகத்துக்கு மூன்று பால்குடம். விடிவதற்குள் தீச்சட்டி வரை ஏறியிருந்தாள்.

26ஆம் நாள்

எல்லோரிடமும் கோபம்.

33ஆம் நாள்

மஜ்ஜை எடுத்தாயிற்று. முடிவு வர நாளாகும்.

45ஆம் நாள்

மிச்சம் இருக்கிறதாம். கொஞ்சம்தான், பன்னிரண்டாம் வாரம் மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு அவர் காகிதத்தில் எழுதிக் காட்டிய தசம எண்ணை அப்படியே நோட்டில் இறக்கியிருக்கிறாள். எத்தனை சுழியம் என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் பென்சில் புள்ளி.

49ஆம் நாள்

இரண்டு நாள் விடுப்பில் வீடு. கோயில் சுற்றிக் களை வெட்ட ஆள் வந்திருந்தார்கள். வேலியோரச் செடியை விட்டுவிடச் சொல்லிவிட்டு வந்தாள். பழைய இரும்பு லாரிக்காரன் வாசலில் நின்று கூவினான். கொட்டகையில் கிடக்கும் பம்பைப் போட்டுவிடட்டுமா என்று கணவர் கேட்டார். இவள் பதில் சொல்வதற்குள் லாரி அடுத்த லயத்துக்குப் போய்விட்டது.