மைக்ரோவேவ் தண்ணீரும் 60 பயறும்

மைக்ரோவேவில் சூடாக்கிய தண்ணீரை ஊற்றினால் செடி செத்துப்போகும் என்று ஒரு செய்தி வட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆதாரம் இரண்டே இரண்டு செடிகளின் படம். ஒரு செடி வாட எத்தனையோ காரணம் இருக்கலாமே!

தரம் 9 பிள்ளைகளோடு நாங்களே செய்து பார்த்தோம். மூன்று தட்டுகள், ஒவ்வொன்றிலும் 20 பயறு. ஒன்றுக்குப் பைப் தண்ணீர். மற்ற இரண்டுக்கும் கேத்தலிலும் மைக்ரோவேவிலும் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்ட தண்ணீர். மூன்றாம் நாள் மூன்று தட்டிலும் ஒரே மாதிரி முளை.

மைக்ரோவேவ் அலைகள் தண்ணீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடாக்குகின்றன. அவற்றை உடைக்கும் சக்தி அந்த அலைகளுக்கு இல்லை. நிறுத்தியதும் அலையும் நின்றுவிடும், தண்ணீரில் எதுவும் தங்காது.

பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். வழுவழுப்பான கோப்பையில் தண்ணீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கலாம். கரண்டியைப் போட்டதும் பொங்கிக் கையைச் சுட்டுவிடும். பால் போத்தல் கைக்கு இளஞ்சூடாக இருக்கும், உள்ளே பால் சில இடங்களில் கொதிசூடாக இருக்கும். பிள்ளையின் வாய் வெந்துவிடும்.

உம்மாமாரே, போத்தலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குங்கள். குலுக்கி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். யாருக்காவது அனுப்புவதென்றால் இதை அனுப்புங்கள்.