பிரதீப்தாவின் டானிக்

1997 ஜூலை 13. கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தின் சிமெண்டுப் படியில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. உள்ளே 1,31,000 பேருக்கு மேல் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். வங்கி வேலையில் மாற்றலாகிப் போய் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த காலம். வீட்டுக்காரர் பரம்பரை மோகன் பகான்காரர். மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா. அது அந்த ஊர் வழக்கம். இறால் வாங்கக் காலையிலேயே பணம் எடுத்து வைத்துவிட்டார்.

அவர் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா 'டைமண்ட்' என்று ஒரு வியூகம் வகுத்து எதிரணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் ஈஸ்ட் பெங்கால் வீரர்களைப் பெயர் திரித்துக் கிண்டல் செய்தார். பைச்சுங் பூட்டியா அவர் வாயில் 'சுங் சுங்' ஆனார். எதிர் முகாமில் பயிற்சியாளராக இருந்தவர் பி.கே. என்கிற பிரதீப் குமார் பானர்ஜி, வங்காளிகளுக்குப் பிரதீப்தா. வயது 61. பேச்சுக்குப் பேர் போனவர், பதிலுக்குப் பதில் கிண்டலில் இறங்கவில்லை. பேச வேண்டியதையெல்லாம் தன் பையன்களிடம் பேச வைத்துக்கொண்டார்.

ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. பைச்சுங் மட்டும் மூன்று கோல். கடைசி கோல் விழுந்தபோது என் இருபுறமும் எழுந்த சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. அன்று இரவு வீட்டுக்காரர் வீட்டில் மீனே சமைக்கவில்லை.

பி.கே. வீரர்களிடம் பேசும் பேச்சுக்கு வங்காளத்தில் 'வோக்கல் டானிக்' என்று பெயர். ஏதோ தொண்டைத் தண்ணீர் வற்ற முழங்குவது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. ஒருவனைத் தட்டிக்கொடுப்பார், ஒருவனைச் சீண்டுவார், இன்னொருவனிடம் அவன் வீட்டு நினைவைக் கிளப்புவார். யாருக்கு எந்த மருந்து என்று தெரிந்து கொடுத்த டானிக் அது.

இது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஜல்பைகுரியில் பிறந்து ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே குடும்பப் பாரம் தோளில் ஏறியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியில் ஆடினார். 1960 ரோமில் அவர்தான் கேப்டன். பிரான்சுக்கு எதிராக கோல் போட்டார், ஆட்டம் 1-1. இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ ஆடியதே கிடையாது! ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலேயே இருந்து ஓய்வு பெற்றார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலையின் அருமை நம் ஊர் ரயில்வே குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அணியே 1958-இல் கல்கத்தா லீக்கை வென்றது. பெரிய மூன்று கிளப்புகளைத் தாண்டி இன்னொரு அணி அந்தக் கோப்பையைத் தொட அதன்பின் 61 வருடம் ஆனது.

பெரிய கிளப்பின் சட்டை போட்டு ஆடியிருந்தால் அவர் ஒரு கட்சிக்காரராகவே நின்றிருப்பார் என்று தோன்றுகிறது. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளராக மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியவர், அடுத்த வருடமே அதே மோகன் பகானுக்குப் பயிற்சியாளராகப் போனார். வேறு யாராவது போயிருந்தால் ஊர் மன்னித்திருக்குமா? 1977 செப்டம்பரில் பெலே ஆடிய காஸ்மோஸ் அணியை ஈடன் கார்டன்ஸில் அந்த மோகன் பகான் 2-2 என்று நிறுத்தியது. அந்த சீசனிலேயே ஷீல்டு, ரோவர்ஸ், டுராண்ட் கோப்பைகள் மூன்றையும் வென்றது.

ஆனால் டானிக்கின் மூலம் ரஹீம் சாப்தான் என்பது என் எண்ணம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து இந்திய அணியின் பயிற்சியாளரானவர் சையத் அப்துல் ரஹீம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின்போது அவர் உடம்பைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. அரசியல் கசப்பால் கூட்டமே இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. தலையில் தையலோடு ஜர்னைல் சிங் முன்வரிசையில் நின்றார். கோலில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வளர்த்த பீட்டர் தங்கராஜ். தென் கொரியாவை 2-1 என்று வென்ற அந்த இறுதியாட்டத்தில் முதல் கோல் பி.கே. போட்டது. அடுத்த ஜூனில் ரஹீம் இறந்தார். சாகப்போகிற ஒரு வாத்தியாரின் வாயிலிருந்து வந்த சொல், கால்களில் என்ன செய்யும் என்பதை 26 வயதில் உள்ளிருந்து அனுபவித்தவர் பி.கே. நன்றாக ஆடுகிறவர் பலருக்குத் தன் ஆட்டத்தைச் சொல்லத் தெரியாது. இவர் ஆடும்போதே கேட்கவும் கற்றுக்கொண்டிருக்கிறார். 1970 பாங்காக்கில் அவர் பயிற்சியில் இந்தியா வெண்கலம் வென்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்கு அதன்பின் ஒரு பதக்கமும் இல்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

2020 மார்ச் 20 அன்று அவர் போய்ச் சேர்ந்தார். நான் அதற்கு வெகுநாள் முன்பே சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடிப் பையன்களோடு மைதானத்தில் நிற்கிறேன்.

போன மாதம் ஒரு டோர்னமெண்ட். எங்கள் பையன் ஒருவன், 14 வயது, பெனால்டியை கோல்கீப்பர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். தோற்றோம். வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, ஸ்டட்டுகளுக்கு நடுவே ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 'பரவால்லடா' என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

"காலைல தண்ணி லாரி வந்துச்சாடா?"

"வந்துச்சு சார்."

"எத்தினி குடம்?"

"எட்டு."

"ரெண்டாவது மாடிக்கா?"

"அம்மாவுக்கு முட்டி வலி சார். நான்தான் ஏத்துவேன்."

"எட்டு குடம் ஏத்திட்டு வந்து முழு மேட்ச் ஓடியிருக்க. அடுத்த பெனால்டியும் நீதான் அடிக்கிற."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சுரண்டி முடித்த பூட்ஸைத் தரையில் வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்தான்.