பேஸ்மென்ட்டில் ஒரு வீடு

2023 டிசம்பர் 3, ஞாயிறு இரவு. மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டிக் கடலில் நகர்ந்துகொண்டிருந்தது. வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சுதான்: கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காவலாளி மழையில் நனைந்தபடி வண்டிகளை வெளியேற்றினார், நின்றுபோனவற்றைத் தள்ளினார், சரிவுப்பாதையின் வாயில் மணல் மூட்டைகளை அடுக்கினார்.

விடிவதற்குள் பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர்.

எங்கள் பகுதிக்கு இது புதிதல்ல. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். சதுப்பின் பெரும்பகுதியில் இன்று கட்டடங்கள். அதன் ஓரத்தில் பள்ளம் தோண்டி நாங்கள் வண்டி நிறுத்துகிறோம். அந்தப் பள்ளத்தின் மூலையில் காவலாளியின் குடும்பத்துக்கு ஓர் அறையும் கொடுத்திருந்தோம்.

அவர் எங்கள் கார்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி இருட்டில் தனியாக இரண்டு பிள்ளைகளையும் அரிசிப் பையையும் படிக்கட்டுக்கு ஏற்றியிருக்கிறாள். மூன்றாவது நடை போவதற்குள் தண்ணீர் கதவை மூடிவிட்டது. அடுப்பு, துணிமணி, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் உள்ளே. முதல் மாடிப் படித் திருப்பத்தில் பாய் விரித்து அவர்கள் இரண்டு நாள் இருந்தார்கள்.

மின்சாரம் இல்லை. சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. மாடித் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை நாங்கள் குவளைக் கணக்கில் செலவழித்தோம். நான் அவர்களுக்கு டீயும் உப்புமாவும் கொண்டுபோனேன். பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். அவள் மட்டும் டீயைத் தொடவே இல்லை. சூடு ஆறிய டம்ளரைப் பார்த்து, கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்தான் சொன்னாள்: “குடிச்சா போகணுமேக்கா. எங்க போறது?”

அவளுடைய கழிவறை பேஸ்மென்ட்டில் மூழ்கிக் கிடந்தது. அவள் கணவருக்குச் சுற்றுச்சுவர் இருந்தது. அவள் இருட்டும்வரை காத்திருந்து, படிகள் வழியே மொட்டை மாடிக்குப் போய்வந்திருக்கிறாள். என் வீட்டில் இரண்டு கழிவறைகள். சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டேனே தவிர, இதைக் கேட்கத் தோன்றவில்லை. நானும் ஒரு பெண்தான். பேருந்துப் பயணங்களில் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து வந்தவள்தான்.

தண்ணீரை இறைக்க டீசல் எஞ்சின் வந்தது. வடிந்த பிறகு கணுக்கால் அளவு சேறு. குழுவில் யாரோ எழுதினார்கள்: “வாட்ச்மேன் ஒய்ஃபைக் கூப்பிட்டுக் கழுவச் சொல்லலாம்.” சிலர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எனக்கும் முதலில் அதில் தவறாக எதுவும் படவில்லை. அவள் பிளீச்சிங் பவுடரும் துடைப்பமுமாக இறங்கியபோதுதான் உறைத்தது: அழிந்துபோன தன் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, நம் கார் நிற்கும் இடத்தைக் கழுவப் போகிறாள்.

சங்கம் சேதப் பட்டியல் தயாரித்தது. பொறுப்பு என்னிடம் வந்தது. மோட்டார், மின்பலகை, எடுக்க முடியாமல்போன மூன்று கார்கள், ஏழு பைக்குகள். நான் எட்டாவது வரியாக ‘காவலாளி வீடு’ என்று எழுதினேன். அது சங்கத்தின் சொத்தல்ல என்று செயலாளர் அடித்துவிட்டார். அரசு 6000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடைகளில் கொடுத்தது. அவள் குடும்ப அட்டை விழுப்புரம் பக்கத்து ஊரில், மாமனார் பெயரில் இருந்தது. எங்களில் பலர் அந்தப் பணத்தை வாங்கினோம். நானும் வாங்கினேன், அதை அவளிடம் கொடுத்தேன். பெருமையாகச் சொல்லவில்லை. அவள் பார்த்த வேலைக்கு அது கூலிகூட ஆகாது.

சரிவுப்பாதையை உயர்த்த வேண்டும் என்ற தீர்மானம் பத்து நிமிடத்தில் நிறைவேறியது. அறையைத் தரைத்தளத்துக்கு மாற்ற மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. மூன்றிலும் பேசியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கடைசியில் சங்கத்தின் அலுவலக அறை கிடைத்தது. கழிவறை இன்னும் கீழேதான் இருக்கிறது. அதற்கான கூட்டம் இனிமேல்தான்.

அதுவரை மழை எச்சரிக்கை வரும் நாட்களில் என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கும்.