வள்ளுவர் கைமாறினார்!

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுப் படகு சவாரி முடிந்து, கரையில் ஒரு டீ குடித்தேன். மீதிச் சில்லறையில் பதினொரு முனையோடு ஒரு கனத்த ரெண்டு ரூபாய். திருப்பினால்... வள்ளுவர்! 1995-ல் தஞ்சாவூர் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக ஒண்ணு, ரெண்டு, அஞ்சு ரூபாயில் போட்டார்களே, அதேதான்.

எனக்குப் படபடப்பு. சின்ன வயசில் அப்பத்தா, "செலவழிச்சிராதடா" என்று இப்படி ஒன்றைக் கொடுத்தாள். பி.காம். படிக்கும்போது பரோட்டாக் கடையில் நீட்டித் தொலைத்த மகானுபாவன் நான். அன்றிலிருந்து கண்டக்டர் தரும் சில்லறையைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் பையில் போடுவதில்லை. வருஷத்துக்குக் கீழே வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. (இவ்வளவு ஞாபகம் காஸ்ட் அக்கவுண்டிங்கில் இருந்திருந்தால் அரியர் விழுந்திருக்காது!)

பேசாமல் வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. "அக்கா, இதைச் சேர்க்கிறவங்க கூடுதலாக் கொடுத்துக்கூட வாங்குவாங்க" என்று உளறிவிட்டேன்.

"அப்படியா தம்பி?" நாணயத்தை வாங்கி உற்றுப் பார்த்த அக்கா, அதை முந்தானையில் முடிந்துகொண்டார். பதிலுக்கு வேறொரு ரெண்டு ரூபாய் வந்தது.

நட்சத்திரம். ஐதராபாத்.

"இன்னொரு டீ போடுங்கக்கா" என்றேன்.